அஞ்சரைக்குக் கூப்பிடவும்

ஜூன் 3, புதன்

இன்றிலிருந்து திரும்ப அழைக்கும் பிரிவு. மூன்றாம் மாடி. ஜன்னல் இல்லாத பக்கம்.

வேலை எளிது. செல்போனில் சிக்னல் இல்லை, நெட் வேகம் இல்லை என்று புகார் கொடுத்தவர்களை நாங்கள் திரும்ப அழைக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால் புகாரை மூடலாம். மூன்று முறை அழைத்தும் ஆள் கிடைக்காவிட்டாலும் மூடலாம்.

சிக்னல் இல்லை என்று சொன்னவரை, சிக்னல் இல்லாத அதே எண்ணில் அழைக்கிறோம். ரெக்ஸிடம் இதைக் கேட்டேன். எங்கள் டீம் லீடர். என்னைவிட இரண்டு வயது பெரியவர், பத்து வயது களைப்பு.

“ரொம்ப யோசிக்காதீங்க தாரணி. எம்.ஏ. பிலாசபி படிச்சா இதான் தொல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 4

நாள் முழுக்கப் பிறர் கோபம். காதுக்குள் சூடாக.

அவிநாசிக்காரர் ஒருவர்: “ஏனுங்க, துபாய் மாப்பிள்ளைங்க. வீடியோ கால்ல பொண்ணு பாக்க வந்தாரு. கொட்டாவி விடுறப்ப படம் நின்னுபோச்சு. பத்து நிமிஷம் அப்படியே வாயத் தொறந்துட்டே இருந்தாரு. எம்புள்ள அதப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாளுங்க. இதுக்கு யாரு பொறுப்பு?”

இன்னொருவருக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் நெட் வருகிறது. “தொட்டியிலேயே குடித்தனம் பண்ணிக்கன்னுட்டா வீட்டுக்காரி.”

சிரிக்கக் கூடாது. மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன்.

ஹாஸ்டலில் துணி துவைத்தேன். அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

ஜூன் 5

கடைசி அழைப்பு. அமலோற்பவம், மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கன்வாடி டீச்சர். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

“வணக்கம் மேடம், தாரணி பேசுகிறேன், உங்கள் நெட்வொர்க் புகார் தொடர்பாக…”

“மேடம் மேடம்னு சொல்லியே ஆறு மாசம் ஓட்டிட்டீங்க. டீச்சர்னு சொல்லு பாப்பா. கேக்கவாவது நல்லாருக்கும்.”

“சொல்லுங்க டீச்சர்.”

“சத்துமாவு பாக்கெட் குடுக்கணும்னா, வாங்குற தாய் மூஞ்சிய இந்த ஃபோன்ல படம் புடிச்சு ஏத்தணும். ஏறுனாத்தான் குடுத்ததாக் கணக்கு. எங்க சென்டர்ல வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே கெடக்கு. அது நிக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பசிக்காம இருக்குமா? குடுத்துடுறேன். மூட்டை காலியாகுது. ஆனா ஃபோனுல பாத்தா நான் யாருக்குமே குடுக்கல. நாளைக்கு ஒருத்தர் வந்து, மாவு எங்க போச்சு, வித்துட்டியான்னு கேட்டா என்ன சொல்ல?”

தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை.

“உங்க விளம்பரத்துல ஒருத்தன் மலை உச்சியில நின்னு சினிமா பாக்குறான்ல. அது எந்த மலைன்னு கேட்டுச் சொல்லு. அங்கயே அங்கன்வாடிய மாத்திக்கிறேன்.”

“இப்ப எப்படி டீச்சர் லைன் கிடைச்சது?”

“நடந்து ரோட்டு வளைவுக்கு வந்திருக்கேன். இங்கன ஒரு கல்லு கெடக்கு. மேல ஏறி நின்னா ரெண்டு கோடு வரும். அதுக்காக அத்தனை தாயையும் கூட்டியாந்து கல்லுமேல ஏத்தவா? பிள்ளைங்கள அனுப்பி, கூட்டிப் பெருக்கிட்டு வர அஞ்சரை ஆயிரும். ஆறுக்கு மேல நிக்க முடியாது, யானை எறங்கும். அஞ்சரைக்குக் கூப்பிட்டா கெடைப்பேன். எழுதிக்க.”

குறிப்புப் பகுதியில் எழுதினேன்: அஞ்சரைக்குக் கூப்பிடவும்.

“நல்லாப் பேசுற பாப்பா. இதுக்கு முன்னாடி பேசுனவன் டேப் ரெக்கார்டு.”

ஜூன் 8

டீச்சரின் புகாருக்குத் தொழில்நுட்பப் பிரிவின் பதில் வந்தது. அந்தப் பகுதியில் இந்த ஆண்டு புதிய டவர் திட்டம் இல்லை. பதில் எங்களுக்கு மட்டும். வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது.

“அப்ப என்னதான் சொல்றது?”

“பரிசீலனைல இருக்குன்னு சொல்லுங்க” என்றார் ரெக்ஸ்.

“அப்படிச் சொன்னா இந்தப் புகாரை மூடவே முடியாதே.”

சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. மூடாத புகார்கள் அவரவர் பெயருக்குக் கீழே சிவப்பில் நிற்கும். ரெக்ஸ் அதைப் பார்த்தார். பிறகு என்னை.

“ஆள் கிடைக்கலன்னா மூடலாம்ல.”



ஜூன் 9

அமலோற்பவம். காலை பதினோரு மணிக்கு மேல் மூன்று முறை அழைத்தேன். கிடைக்கவில்லை. மூடினேன்.

ஐந்தரைக்கு என் ஷிப்ட் முடிந்துவிடும். பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 10

மழை. குடை கொண்டுபோகவில்லை. பக்கத்து இருக்கை நஸ்ரினோடு அங்கேயே ஆறரை வரை பேசிக்கொண்டிருந்தேன். தொலைபேசிகள் எல்லாம் சும்மா கிடந்தன.

ஜூன் 12

ஒவ்வொரு புகாரும் மூடியதும், பேசிய ஊழியருக்கு எத்தனை மதிப்பெண் என்று வாடிக்கையாளருக்கு ஒரு கேள்வி போகும். பெரும்பாலும் யாரும் பதில் அனுப்புவதில்லை. திட்ட நினைப்பவர்கள் ஒன்று போடுவார்கள்.

இந்த வாரம் எனக்கு ஒரே ஓர் ஐந்து. மலை எஸ்டேட் எண்.

ரெக்ஸ் அதை அச்செடுத்துப் பலகையில் குத்தினார்.

ஜூன் 15

என் பெயருக்குக் கீழே சிவப்பு இல்லை. நஸ்ரின் நாற்காலியோடு உருண்டு வந்தாள். நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

“எப்படிடீ?”

“குறிப்பைப் படிப்பேன்.”

“எல்லாரும்தான் படிக்கிறோம்.”

“எப்பக் கூப்பிட்டா கிடைப்பாங்கன்னு அவங்களே சொல்லியிருப்பாங்க.”

“அந்த நேரத்துக்குக் கூப்பிடுவியா?”

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினேன். அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“பாவி” என்று தோளில் அடித்தாள். சாயங்காலத்துக்குள் அவளுடைய சிவப்பும் பாதியாகிவிட்டது.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மூன்று முறை அழைக்கிறேன். மூன்று முறையும் உண்மையாகவே கிடைப்பதில்லை.

ஜூன் 17

தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திகளைத் திருத்தச் சொன்னார் ரெக்ஸ். எழுத்துப் பிரிவுக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம். நான் கேட்டிருந்தேன். அங்கே ஹெட்போன் இல்லை, சிவப்புத் திரை இல்லை. சொற்கள் மட்டும்.

எந்தக் காரணத்துக்காகப் புகாரை மூடினாலும் போவது ஒரே செய்தி: ‘உங்கள் புகார் மூடப்பட்டது.’ முகத்தில் கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது என்றேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மாற்றினேன்.

“இதான் வேணும். மரியாதையா இருக்கு” என்றார்.

ஜூன் 18

டீச்சர் மறுபடி புகார் கொடுத்திருந்தார். மூடினேன்.

ஜூன் 23

மறுபடி. குறிப்பில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: வாடிக்கையாளர் மாலை 5.30 என்று வலியுறுத்துகிறார்.

பதினொன்று ஐந்து. பதினொன்று இருபது. பதினொன்று நாற்பது.

மதியம் சாம்பார் சாதம். பாதியைக் கொட்டினேன். உப்பு அதிகம்.

ஜூன் 26

கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்து, என் பெயரைச் சொல்லி, என்னிடம்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்து இணைப்பு வாங்கியிருக்கிறார் டீச்சர்.

“தாரணிப் பாப்பாவா? அமலோற்பவம்.”

“சொல்லுங்க டீச்சர்.”

“நான் பயந்தது நடந்துபோச்சு. மாவு மூட்டை காலி, ஃபோன்ல கணக்கு பூச்சியம். வித்துட்டேன்னு எழுதிட்டாங்க. வியாழக்கிழமை மேலதிகாரி விசாரிக்க வருது. நெட்டு இல்ல, கம்பெனிக்குப் புகார் குடுத்திருக்கேன்னு உங்க மெசேஜக் காமிச்சேன். சூப்பர்வைசர் கீழ இருந்த மெசேஜையும் படிச்சுது. ‘தீர்க்கப்பட்டது. தீர்க்கப்பட்டது. அதான் நல்ல தமிழ்ல போட்டிருக்கே. சரியான பெறகும் ஏன் ஏத்தல?’ன்னு கேக்குது. என்ன தீந்துச்சு பாப்பா?”

நான் சொன்னது: “சரிபார்க்கிறேன் டீச்சர்.”

“இன்னொண்ணு. நான் கல்லுமேல ஏறுனதும், அன்னைக்கி எடுக்காம விட்ட கால் எல்லாம் மெசேஜா வந்து விழும். உங்க நம்பர்தான். பதினோரு மணி, பதினொண்ணேகால்னு வருது. நான் அஞ்சரைன்னு சொல்லியிருந்தேனே?”

தவறிய அழைப்பின் செய்தி. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. இந்த நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன்.

“எத்தனை பேரோட பேசுறியோ, மறந்திருப்ப” என்றார் அவரே. “வியாழக்கிழமை மட்டும் மறந்துடாத. அந்தம்மாவ வளைவுக்குக் கூட்டியாறேன். அஞ்சரைக்குக் கூப்பிட்டு, நெட்டு சரியாகலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பதினாலு வருச வேலை, பாப்பா. திருடின்னு பேரோட போகக் கூடாது.”

மறக்க மாட்டேன் என்றேன்.

ஜூலை 1

ரெக்ஸிடம் சொன்னேன். பாதி. அரசு அதிகாரி ஒருவர் பேசுவார் என்று மட்டும்.

“அரசாங்க ஆள்னா நானும் லைன்ல இருக்கணும். பதிவுல என்ன இருக்கோ அதைப் படிங்க. எழுத்துப் பிரிவுக்கு உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். இந்த வாரம் சொல்லிருவாங்க.”

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 2, வியாழன்

ஐந்தரை. இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். காற்றுச் சத்தம்.

“பாப்பாதான் மேடம். நான் சொன்னேன்ல, கூப்பிடும்னு.”

அந்தக் குரலில் இருந்த பெருமையை எழுதிவைக்க வேண்டும்.

அதிகாரியின் குரல். கறார்தான், கெட்ட குரல் இல்லை. “ஒரே கேள்விம்மா. இவங்க சென்டர்ல நெட்வொர்க் சரியாயிடுச்சா, இல்லையா? ரெண்டு மெசேஜ்ல தீர்ந்துதுன்னு போட்டிருக்கீங்க. இவங்க இல்லைங்கறாங்க. நீங்க சொல்றதைத்தான் நான் எழுதப்போறேன்.”

ரெக்ஸ் இரண்டாவது ஹெட்போனோடு பின்னால் நின்றார். எதுவும் சொல்லவில்லை. தோளைத் தொடக்கூட இல்லை. பழியை அவர்மேல் போடுவதற்கு ஒன்றுமே இல்லை.

திரையில் தொழில்நுட்பப் பிரிவின் பதில் இருந்தது: டவர் திட்டம் இல்லை. அதற்குக் கீழே நான் மூடிய மூன்று வரிகள்.

“எங்கள் பதிவுகளின்படி மூன்று புகார்களும் தீர்க்கப்பட்டுள்ளன, மேடம்.”

“கேட்டீங்களா?” என்றார் அதிகாரி, என்னிடம் அல்ல.

பிறகு தூரத்திலிருந்து, “பாப்பா, பதினோரு மணிக்குக் கூப்பிட்டதச் சொல்லு. அத மட்டும் சொல்லு பாப்பா.”

“வேறு ஏதாவது உதவி வேண்டுமா, மேடம்?” என்றேன். அழைப்பை முடிக்குமுன் அதைக் கேட்டே ஆக வேண்டும். விதி.

ஜூலை 3

எழுத்துப் பிரிவு கிடைத்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி, திங்களன்று சேர வேண்டும். நஸ்ரின் கேக் வாங்கி வந்தாள்.

ஜூலை 5, ஞாயிறு

துணி துவைத்தேன். வாளியை நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்பினேன்.

அம்மா கூப்பிட்டாள். எடுத்தேன்.

“அதிசயமா இருக்கு. நாலு நாளாக் கூப்பிடறேன், கெடைக்கவே மாட்டீங்கற. சிக்னல் இல்லியா அங்க?”

“ஆமாம்மா.”

என் ஃபோனில் நான்கு கோடுகள்.

ஜூலை 8

டீச்சரின் புகாரை நானே மறுபடி திறந்தேன். குறிப்பில் எழுதினேன்: பிரச்சினை தீரவில்லை. முந்தைய மூன்று முறையும் தவறாக மூடப்பட்டது. அஞ்சரைக்குக் கூப்பிடவும்.

‘தவறாக மூடப்பட்டது.’ யாரால் என்பதை வாக்கியமே விழுங்கிக்கொண்டது. நன்றாகத்தான் எழுதுகிறேன்.

புதுப் புகார் என்றால் பழைய ஆளிடமே வரும்; மூடியதைத் திறந்தால் மூடியவரிடம் திரும்பப் போகாது. கணினி வேறொருவருக்குக் கொடுத்தது. மதியத்துக்குள் மூடியாகிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, மூன்று முறை. மூடியவர் பெயர்: நஸ்ரின்.

“குறிப்பைப் படிக்கலியா நீ?”

“படிச்சேனே” என்றாள், புரியாமல். “அஞ்சரைன்னு இருந்துச்சு. அதான் பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். நீதானடீ சொல்லிக் குடுத்த?”

எந்தக் குற்ற உணர்வும் இல்லாத முகம். சென்ற மாதம் என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஜூலை 9

அதிகாரியின் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று புகார்களுக்கும் நான் அழைத்த நேரம், டவர் திட்டம் இல்லை என்ற பதில், மூடியது யார் என்பது. இந்த முறை வாக்கியம் எதையும் விழுங்க விடவில்லை. நான் மூடினேன், நான் சொன்னேன், நான். ஒரே பக்கத்தில் இத்தனை ‘நான்’ எழுதியதில்லை.

அனுப்பிவிட்டுத்தான் ரெக்ஸிடம் சொன்னேன்.

“கம்பெனி விவரத்தை வெளிய குடுத்தா வேலை போயிரும், தெரியும்ல?”

“தெரியும்.”

“என் பேரு இருக்கா அதுல?”

“இல்லை. மூடினது நான்தானே.”

 அவர் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். அதில் என் படம் மிகவும் சிரிக்கிறது.

படியிறங்கும்போது ஒரு நிம்மதி வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இது டீச்சருக்காகச் செய்ததா, எனக்காகவா?

ஜூலை 13, திங்கள்

எழுத்துப் பிரிவில் இன்று சேர்ந்திருக்க வேண்டும்.

காலையில் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். கடிதம் மட்டும் போதாது, வெள்ளிக்கிழமை மலையிலுள்ள அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன்.

இதை டீச்சரிடம் சொல்ல வேண்டும். மாலை, ஹாஸ்டல் மொட்டைமாடி, என் சொந்த எண். அஞ்சரை.

ஒரு சின்னப் பெண்ணின் குரல். “ஹலோ, அங்கன்வாடி.”

“டீச்சர் இருக்காங்களா? அமலோற்பவம் டீச்சர்.”

“அவங்க இப்ப டீச்சர் இல்லைங்க. போன செவ்வாக்கெழமையே வேலைய விட்டு எடுத்துட்டாங்க. நான்தான் பொறுப்புக்கு வந்திருக்கேன். இது சென்டர் ஃபோனு.”

செவ்வாய் ஏழாம் தேதி. நான் எழுதியது ஒன்பதாம் தேதி.

“அவங்களை எங்க பாக்கலாம்?”

“இங்கதான் நிக்கிறாங்க. எனக்கு எந்தக் கல்லுன்னு தெரியல, அதக் காட்டிக் குடுக்க வந்தாங்க. நீங்க யாருங்க?”

“தாரணின்னு சொல்லுங்க.”

அவள் ஃபோனை விலக்கிச் சொன்னது கேட்டது. பிறகு காற்று மட்டும். இரண்டு கோடு சிக்னலில் அந்தக் காற்று எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

பிறகு டீச்சரின் குரல். தள்ளி, உரக்க, எனக்குக் கேட்கட்டும் என்றே.

“கெடைக்கலன்னு சொல்லிரு.”

அந்தப் பெண் தயங்கினாள். வேலைக்குப் புதிது.

“டீச்சர் கெடைக்கலையாம்ங்க” என்றாள்.

“சரி” என்றேன். “வெள்ளிக்கிழமை நான் அங்க வர்றேன்னு மட்டும்…”

“எறங்கு புள்ள, ஆறாகப் போகுது” என்றது அந்தக் குரல். கல்லிலிருந்து இறங்கியிருப்பார்கள். துண்டித்துப்போனது.

ஜூலை 14

அஞ்சரை. மணி அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 15

அஞ்சரை. மணி அடித்தது. எடுக்கவில்லை.

மூன்று முறை ஆயிற்று. விதிப்படி மூடலாம்.

ஜூலை 16

நாளைக் காலை முதல் பேருந்து. மலைக்கு. பையில் ஒரு மாற்றுடை, அடையாளத்துக்கு ஆதார் அட்டை. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தால் கோடுகள் போய்விடும், நீ யாருக்கும் கிடைக்க மாட்டாய் என்றாள் நஸ்ரின். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இப்போது அஞ்சரை.

கூப்பிடுகிறேன்.